முழிப்பாட வாத்தியார்

ஓரின் டட்டில் தன் வாழ்க்கையில் இரண்டே முறைதான் சொந்தமாக முடிவெடுத்திருக்கிறான். முதல் முறை, கார்லீனைக் கட்டிக்கொண்டபோது. அதுவும் அவள் எடுத்த முடிவுதான் என்று அவன் அக்கா ரோவீனா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஆகவே ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றை அவன் எடுத்தது ரோவீனா வீட்டு ஞாயிறு விருந்து முடிந்து திரும்பும் வழியில், பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்துவிட்டு.

விருந்தில் நடந்தது இதுதான். ரோவீனாவின் மகள் பிரின்லிக்கு ஆறு வயது. ஓரினின் மகள் ஜூனிக்கும் அதே வயது. பிரின்லி மஞ்சள் பஸ் ஏறி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள். ஜூனி எங்கும் போவதில்லை. அவளுக்கு வீடே பள்ளிக்கூடம், அம்மாவே டீச்சர். பொரித்த கோழி மேஜைக்கு வந்ததும் பிரின்லி நாற்காலி மேல் ஏறி நின்றாள். தக்காளி சாஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, அதில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிரசங்கம் மாதிரி வாசித்தாள். தக்காளி, வினிகர், உப்பு, "இயற்கையான மனம்". எல்லாரும் கை தட்டினார்கள். ரோவீனா பாட்டிலை வாங்கி ஜூனி பக்கம் நகர்த்தினாள்.

"நீயும் படி கண்ணு. அத்தை கேக்கறேன்."

ஜூனி பாட்டிலைப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். கோழி மேல் ஊற்றிக்கொண்டாள்.

"பாட்டில் இதுக்குத்தான் அத்தை," என்றாள்.

ரோவீனா சிரித்தாள். கிளம்பும்போது ஓரினை ஒரு ஓரமாக இழுத்தாள். அவள் அந்த டவுன் பள்ளி ஆபீசில்தான் வேலை பார்க்கிறாள்.

"ஒண்ணாம் வகுப்புல ஒரு இடம் காலியா இருக்கு ஓரின். சொல்லிட்டேன். உன் பொண்டாட்டி கோழி வளக்கற மாதிரியே பிள்ளையையும் வளக்கறா. காலைல திறந்து விடறது, சாயங்காலம் புடிச்சு அடைக்கறது."

அதனால்தான் ஸ்டியரிங்குக்கு அடி விழுந்தது. ஹாரன் அலறியது. ரோட்டோர மாடுகள் திரும்பிப் பார்த்தன.

"கார்லீன்! இனிமே மொழிப்பாடம் என் பொறுப்பு. எந்தப் பாடத்திட்டம்னு நான்தான் முடிவு பண்ணுவேன். ஈஸ்டருக்குள்ள இவ படிக்கலேன்னா மஞ்சள் பஸ்தான். சொல்லிட்டேன்."

கார்லீன் ஒன்றும் பேசவில்லை. கை மட்டும் பின்னால் போய் ஜூனியின் முழங்காலைத் தொட்டது. கல்யாணமான புதிதில் அவளுடைய மௌனத்தைச் சம்மதம் என்று நினைத்தவன் ஓரின். இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் காலை சமையலறை மேஜை மேல் கார்லீன் பரப்பி வைத்த மூன்று பாடத்திட்டங்களின் மாதிரிப் புத்தகங்கள் இருந்தன. முதலாவதில் அட்டை முழுக்கப் பட்டாம்பூச்சி. குழந்தையைக் காட்டுக்குள் கூட்டிப் போய், கதை சொல்லி, இலை பொறுக்கி, அந்த இலையின் பேரை எழுதச் சொல்லும் வகை. இரண்டாவது எழுத்து அட்டைகள் போட்ட டப்பா. அம்மா சொல்ல வேண்டியதை வார்த்தை வார்த்தையாக அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். மூன்றாவது, கறுப்பு அட்டை, பொன் எழுத்து, செங்கல் கனம். இலக்கணம், வாக்கியத்தைக் கோடு போட்டுப் பிரிப்பது, கொஞ்ச நாளில் லத்தீன்.

"எனக்குப் பட்டாம்பூச்சிதான் பிடிச்சிருக்கு," என்றாள் கார்லீன், முட்டையைத் திருப்பிப் போட்டபடி. "உனக்கு?"

ஓரின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். ஒரு ஆண்பிள்ளை இந்த மாதிரி விஷயத்தை இன்னொரு ஆண்பிள்ளையோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு டெல்மரிடம் போனான். டெல்மருக்கு ஏழு பிள்ளைகள். ஏழும் வீட்டிலேயே படித்து ஆளானவை.

"நீயா படிக்க வச்சே?" என்று கேட்டான் ஓரின்.

"நான் வீட்ல இருந்தேன்ல?" என்றான் டெல்மர். "கேளு தம்பி. பாடம் எப்படி இருக்கணும் தெரியுமா? பொண்டாட்டி பாத்து மிரளணும். அவளுக்குப் புரியற பாடத்தை எடுத்தா அவதான் ராணி. புரியாததை எடுத்தா நீ ராஜா. வீட்டுத் தலைவன் ஒண்ணு சொன்னா வீட்ல யாரும் மறுத்துப் பேசக் கூடாது. எங்க வீட்ல இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது..."

"டெல்மர்! குப்பை!" என்று உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது.

டெல்மர் வாக்கியத்தை அங்கேயே போட்டுவிட்டுக் குப்பையை எடுக்கப் போனான்.

ஓரின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினான். கறுப்பு அட்டைப் புத்தகத்தில் விரலை வைத்தான்.

"ஐயோ, அதுவா?" கார்லீன் இரண்டடி பின்வாங்கினாள். "வேண்டாம் ஓரின். அதைப் புரட்டினாலே எனக்குத் தலை சுத்துது. அதைச் சொல்லிக்குடுக்க நல்ல படிப்பாளி வேணும். மூளை வேணும். பொறுமை வேணும். நான் எங்க போவேன்?"

"ஏன், நான் இல்லையா?"

"நீயா? உனக்குக் கடை இருக்கே. புல்லு வெட்டற மெஷினெல்லாம் ரிப்பேருக்கு வந்து குமிஞ்சு கெடக்குதே."

"கடை ஒன்பது மணிக்குத்தான். எட்டுலேர்ந்து ஒன்பது எனக்கும் ஜூனிக்கும். அந்த நேரத்துல நீ இந்தப் பக்கமே வரக் கூடாது. தொந்தரவு."

"தினமுமா?" என்று கேட்டாள் கார்லீன். குரல் கம்மியிருந்தது.

"தினமும்!"

"சரி. உன் இஷ்டம். வீட்டுத் தலைவன் நீ சொல்லிட்ட. நான் என்ன பேச முடியும்?"

அவள் பெருமூச்சு விட்டுத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று ஓரினுக்கு மனசு கொஞ்சம் இளகியது. ஆனால் இளகினால் காரியம் கெட்டுவிடும் என்று வெளியே வந்துவிட்டான்.

புத்தகப் பெட்டி வந்தது. தபால்காரர் அதை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இலக்கணம் உள்ளே போகும் முன்பே ஓரினுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. திங்கட்கிழமை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். எதிரே ஜூனி, ஒரு கையில் பென்சில், இன்னொரு கையில் ரொட்டி.

"ஒரு வாக்கியம்னா என்ன இருக்கும்? எழுவாய் இருக்கும்."

"இவ்வளவு சீக்கிரமா?"

"என்ன?"

"இவ்வளவு சீக்கிரமா எழுவாயா அப்பா? எட்டு மணிக்கே? நான் ஒன்பதுக்குத்தான் எழுவேன். அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா."

"அந்த எழுவாய் இல்ல! அடுத்தது பயனிலை."

"பயனே இல்லையா? அப்ப எதுக்குப் படிக்கறோம்?"

ஓரின் புத்தகத்தைப் பார்த்தான். இதற்கு அதில் பதில் இல்லை. கோடு போட்டான். 'நாய் மனிதனைக் கடித்தது' என்று பெரிதாக எழுதினான்.

"இதுல எழுவாய் எது?"

"எந்த நாய்ப்பா?"

"ஏதோ ஒரு நாய்."

"ஏன் கடிச்சது?"

"அது தெரியாது. கடிச்சது, அவ்வளவுதான்."

"நம்ம டெல்மர் மாமா நாயா? அது கடிக்காதே. அந்த ஆளு அதை மிதிச்சிருப்பான். ஊசி போட்டாங்களா?"

"யாருக்கு?"

"நாய்க்கு. அந்த ஆளு குளிச்சிருக்கானோ இல்லையோ."

ஒன்பது மணி ஆனபோது நாயும் பிழைத்துக்கொண்டது, மனிதனும் பிழைத்துக்கொண்டான். ஓரின்தான் பிழைப்பானா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் எழுத்துக்கூட்டல். 'நைஃப்' என்று எழுதினான். முன்னால் ஒரு 'கே' போட்டான்.

"அந்த 'கே' எதுக்கு?"

"அது சத்தம் போடாது."

"அப்ப ஏன் நிக்குது?"

"நிக்கணும். சட்டம். முன்னாடி நிக்கும், ஆனா வாயே திறக்காது. யாரும் கண்டுக்க மாட்டாங்க. எடுத்துட்டா மட்டும் தப்புன்னு சொல்லுவாங்க."

ஜூனி அந்த எழுத்தை வெகுநேரம் பரிதாபமாகப் பார்த்தாள்.

"சர்ச்சுக்குப் போறப்ப நீ நிக்கற மாதிரி," என்றாள்.

மொழிப்பாடம் என்று ஆரம்பித்தது முழிப்பாடமாகிவிட்டது. அவள் கேட்பாள், அவன் முழிப்பான். கடையில் கார்புரேட்டரைக் கழற்றும்போதும் மடியில் கறுப்புப் புத்தகம்தான். மறுநாள் பாடத்தை முந்தின நாளே படித்து வைக்காவிட்டால் ஆறு வயதுக் குழந்தை மானத்தை வாங்கிவிடும். லத்தீன் வந்ததும் நிலைமை முற்றியது. மெஷினுக்கு அடியில் படுத்தபடி அவன் விகுதிகளைப் பாதிரியார் மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது ஒரு வாடிக்கையாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மௌனமாக நின்றார். "மெஷின் போயிடுச்சா?" என்று தழுதழுத்த குரலில் கேட்டார். ஏதோ இறுதிச் சடங்கு நடக்கிறது என்று நினைத்துவிட்டாராம்.

இதற்கு நடுவே கார்லீனுக்கு என்னவோ ஆகியிருந்தது. கன்னத்தில் ஒரு மினுமினுப்பு. எட்டு அடித்ததும் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். சில நாள் டெல்மரின் மனைவியோடு ஏரிக்கரையைச் சுற்றி நடந்துவிட்டு வருவாள். சில நாள் அப்படியே போய்ப் படுத்துக்கொள்வாள்.

"நீ ரொம்பச் சந்தோஷமா இருக்கற மாதிரி தெரியுதே?" என்றான் ஓரின் ஒருநாள்.

"உள்ளுக்குள்ள வேதனைதான்," என்றாள் அவள். "தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நீ சொன்னியே, அதான் வெளிய காட்டிக்கறதில்ல. சூடா இருக்கறப்பவே காபி குடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? நாக்கு வெந்தே போச்சு."

கிறிஸ்துமஸ் கழிந்தது. ஜூனி ஒரு வரிகூட வாசித்துக் காட்டவில்லை. கேட்டால் கேள்வி. மறுபடி கேட்டால் மறுபடி கேள்வி. ஒருநாள் ஓரின் கறுப்புப் புத்தகத்தை மூடிவிட்டுச் சமையலறைக்கு வந்தான்.

"கார்லீன், நான் ஒண்ணு யோசிச்சேன். பட்டாம்பூச்சியும் மோசமில்ல. நீ வேணா எடுத்து நடத்திப் பாரு."

"ஐயையோ! உன் முடிவை நானா மாத்தறது? இன்னும் கொஞ்ச நாள்தானே. ஈஸ்டர் வந்துடும். படிக்கலேன்னா மஞ்சள் பஸ்ல ஏத்தி விட்டுடலாம்."

"ஆமா. ஏத்தி விட்டுடலாம்."

"ரோவீனாதான் ஃபாரம் எழுதுவா. 'இதுவரைக்கும் சொல்லிக்குடுத்தது யாரு'ன்னு அதுல ஒரு கேள்வி இருக்குமாம். உன் பேரைத்தானே எழுதணும்?"

ஓரினுக்கு அக்காவைத் தெரியும். ரோவீனா அதை எழுதுவதோடு விடமாட்டாள். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவாள்.

அன்றைக்கே அவள் போன் வந்தது. "அந்த இடத்தை இன்னும் புடிச்சு வச்சிருக்கேன் ஓரின். பிள்ளை எப்படி இருக்கா? எழுத்தாவது தெரியுதா?"

"என்ன இடம்? எதுக்கு இடம்?" என்று எகிறினான் ஓரின். "என் பொண்ணை அந்தத் தொழுவத்துல கொண்டாந்து அடைப்பேன்னு நினைச்சியா? அவ லத்தீன் படிக்கறா, தெரியுமா? சாஸ் பாட்டில் படிக்கறதெல்லாம் ஒரு படிப்பா? எங்க வீட்ல வீட்டுப் படிப்புதான். இன்னைக்கும் அதுதான், என்னைக்கும் அதுதான்! அந்த இடத்தை வேற யாருக்காவது குடுத்துடு!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். கார்லீன் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் நீர். இந்த முறை நிஜமான நீர். வந்து அவன் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனாள். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் கன்னத்தை அன்று முழுக்க அவன் துடைக்கவில்லை.

இரண்டொரு வாரம் போயிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கடையிலேயே மறந்துவிட்டு ஓரின் பாடத்துக்கு உட்கார்ந்தான். வாத்தியார் புத்தகத்தில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. கையை நீட்டிப் பார்த்தான். கழுத்தைப் பின்னால் இழுத்துப் பார்த்தான்.

"இங்க குடுப்பா," என்றாள் ஜூனி. வாங்கி, எங்கும் தடுக்காமல் படித்தாள்: "'குழந்தை களைப்படைந்தால் பாடத்தை நிறுத்திவிடவும். ஆசிரியர் குரலை உயர்த்தலாகாது. பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்வதே கண்ணியம்.' அப்பா, இந்தப் பக்கத்தை நீ தினமும் தாண்டிடற."

ஓரின் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவளை அப்படியே தூக்கிச் சுற்றினான்.

"படிச்சிட்டா! என் பொண்ணு படிச்சிட்டா! நான் படிக்க வச்சிட்டேன்!"

தலை சுற்றியபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. இறக்கிவிட்டான்.

"ஜூனி, உனக்கு எப்பலேர்ந்து படிக்கத் தெரியும்?"

"கோழிக்குஞ்சு பொரிச்சுதே, அப்பலேர்ந்து. அம்மா தீவன மூட்டையைக் காட்டிச் சொல்லிக்குடுத்தா."

குஞ்சு பொரித்தது போன வசந்தத்தில்.

"அப்ப அத்தை வீட்ல ஏன் படிக்கல?"

"பிரின்லி ஒரு வார்த்தை தப்பாப் படிச்சா. அது 'மனம்' இல்ல, 'மணம்'. நான் சரியாப் படிச்சா அவ அழுவா. சாப்பிடக் கூப்பிட்டவங்களை அழ வைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

ஜூனி பென்சிலைக் கடித்தாள். "சொன்னா நீ எட்டு மணிக்கு வர மாட்டியே," என்றாள்.

ஓரின் சமையலறைக்குப் போனான். கார்லீன் காபியை ஆற அமர உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா? இவ போன வசந்தத்துலேர்ந்தே படிக்கறாளாம்!"

"தெரியுமே."

"சொல்லவே இல்லையே நீ!"

"'இவளுக்குப் படிக்க வரல'ன்னு நீதானே சொன்ன? வீட்டுத் தலைவன் பேச்சை மறுத்துப் பேசலாமா?"

ஓரின் வாயைத் திறந்தான். மூடினான். 'நைஃப்'பின் முதல் எழுத்தாகிப் போனான்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். கார்லீனும் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஓரின்தான் சும்மா இருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்தில் அவன் சொன்னபடி ஜூனி பெரியவர்கள் முன்னால் நின்று பைபிளில் ஒரு பக்கம் முழுக்க வாசித்தாள். ரோவீனா ஊரிலேயே இல்லாதவள் மாதிரி உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தாள். வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அம்மாக்கள் கார்லீனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எப்படி கார்லீன்? யாரு சொல்லிக்குடுத்தா?"

கார்லீன் கணவனைப் பார்த்தாள். அவன் கண் கெஞ்சியது.

"எல்லாம் ஓரின்தான்," என்றாள்.

அவ்வளவுதான். ஓரின் சோளரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சொற்பொழிவே நிகழ்த்திவிட்டான். எழுவாய் என்றான். ஒழுக்கம் என்றான். லத்தீனில் இரண்டு விகுதி சொன்னான். பொறுமைதான் வாத்தியாருக்கு அழகு என்றான். குழந்தைகள் என்றால் தனக்கு உயிர் என்றும் ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டான். அம்மாக்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். கார்லீன் அவர்களோடு ஓரமாகப் போய் ஏதோ மெதுவாகப் பேசினாள். அவ்வப்போது இவனைக் காட்டி, பெருமையாகச் சிரித்தாள்.

சனிக்கிழமை விடிந்தது. கடைக்கு விடுமுறை. ஓரின் தூண்டிலையும் புழு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் திறந்தான். வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றிலிருந்து குழந்தைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. மூக்கு ஒழுகியது ஒன்று, தவளையைக் கையில் பிடித்தது ஒன்று, இறங்கும்போதே அழுதுகொண்டு வந்தது ஒன்று. ஒவ்வொன்றின் கையிலும் புத்தம் புதிய கறுப்பு அட்டைப் புத்தகம்.

"என்ன இது?" என்றான் ஓரின்.

"உன் வகுப்பு," என்றாள் கார்லீன். அவள் தலை வாரி, நல்ல காலணி போட்டுக் கிளம்பி நின்றாள். "எல்லாரும் அவ்வளவு ஆசைப்பட்டாங்க. என் புருஷன் பேச்சை நானே நம்பலேன்னா நல்லாவா இருக்கும்? நாங்க கடைத்தெரு சுத்த ஸ்பிரிங்ஃபீல்டு வரைக்கும் போயிட்டு வந்துடறோம். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோம்னு நினைக்கறேன்."

அம்மாக்களால் நிறைந்த வேன் ஒன்று ஹாரன் அடித்தது. உள்ளே டெல்மரின் மனைவியும் இருந்தாள். கார்லீன் ஏறிக்கொண்டாள். புழுதி மட்டும் மிஞ்சியது. தவளைப் பையன் தவளையைக் கீழே விட்டான். அது ஓரினின் புழு டப்பாவுக்குள் குதித்தது.

ஜூனி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதேப்பா," என்றாள். "நீ கடைசி பெஞ்சுல உக்காரு. நான் நடத்தறேன்."